பயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர்

நர்ஸம்மாவைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. நானும் பயந்தவள்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் நிறுத்தச் சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, யாரிடமும் சொல்லாமல் நடந்து வந்துவிடுவேன். என் பயம் எனக்குள்ளேயே கிடக்கும். நர்ஸம்மாவுக்கு அப்படி இல்லை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது என்று மற்றவர்கள் சொல்வதுபோல, பயமாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிடுவார். சொன்னதும் அந்தக் காரியத்தைச் செய்யப் போய்விடுவார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவரும் அவர் வீட்டுக்காரரும் பல வருஷம் குடியிருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் சபை ஊழியம் செய்தவர், தெருவில் எல்லோரும் அவரைப் பாஸ்டர் என்போம். எங்கள் தெரு முழுக்கத் தறி. காலையில் தறிச் சத்தத்துக்கு நடுவில், மாடிப்படியில் நின்று நர்ஸம்மா கூப்பிடுவது கேட்கும். "எனக்குப் பயமா இருக்குது, யாராச்சும் அந்த நாயப் புடிங்கப்பா." எதிர்வீட்டு நாய் கிழட்டு நாய், எழுந்து நிற்கவே யோசிக்கும். எங்கள் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, நர்ஸம்மா டூட்டிக்குக் கிளம்பிட்டாங்க, மணி ஆறரை, உலையை ஏத்து என்று எனக்குச் சொல்வார். தெருப் பிள்ளைகள் அவரைப்போலவே கூவிக் காட்டுவார்கள். நர்ஸம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளும் அதற்காகச் சத்தத்தைக் குறைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்தது. அக்கரைக் குடிசையில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நர்ஸம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் "பயமா இருக்குது, பயமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போனார். கரையில் நின்ற நாங்கள் சிரித்தோம், அழவும் செய்தோம். அன்று பிறந்த பையன் இப்போது ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறான்.

அவர் சொல்லி நாங்கள் சிரிக்காத தடவையும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் தறியிலிருந்து எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். வாயு என்றார். நான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, ஒன்றுமில்லை, படுத்தால் சரியாகும் என்றார்கள். நர்ஸம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். வீட்டுக்காரரின் நெற்றி வேர்வையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குது. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார், மெதுவாக. அதைக் கேட்டதும் நான் தெருவுக்கு ஓடினேன். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறமும் கொஞ்ச காலம் அவர் நெய்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நர்ஸம்மாவும் பாஸ்டரும் மிஷன் ஊழியத்துக்காக மலாவிக்குப் போனார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன நாடு. நாய்க்குப் பயந்தவர் சிங்கம் இருக்கிற ஊருக்குப் போகிறாரே என்று தெருவே கேலி செய்தது. "எனக்கும் அதான் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

எங்கள் வீட்டுக்காரர் காலமான வருஷம் நர்ஸம்மா லீவில் வந்தார். நான் யாரோடும் பேசாமல் தறியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மகனிடம், அம்மாவை ஒரு மாசம் என்கூட அனுப்புப்பா என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டார்கள்.

விமானம் தரையை விட்டு எழும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பயமா இருக்குது என்று உரக்கத் தமிழில் சொன்னார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பணிப்பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே சொல்லிவிட்டதால் என் பயம் கொஞ்சம் இறங்கியது.

அங்கே அவர்கள் வீடு செங்கல் வீடு, தகரக் கூரை. பக்கத்தில் புல் வேய்ந்த சமையலறை. மண் சிவப்பு. எங்கே பார்த்தாலும் மாமரம். காலையில் எழுந்ததும் இருவரும் ஜெபம் செய்வார்கள். அந்த நேரத்தில் நான் வாசலில் நின்று கிழக்கே பார்த்து விபூதி பூசிக்கொள்வேன். உள்ளே வா என்று அவர்கள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. விபூதி தீர்ந்துட்டா சொல்லுங்கக்கா, அடுப்புல நிறைய இருக்குது என்று பாஸ்டர் கேலி செய்வார். மக்காச்சோள மாவைக் களிபோலக் கிண்டி, கீரையும் வேர்க்கடலையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நர்ஸம்மா அதன் மேலேயே ரசத்தை ஊற்றித் தருவார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில், நான் கடைசி வரிசையில் உட்காருவேன். மேளம் அடித்துப் பாடுவார்கள். காணிக்கை போடப் போகும்போது பெண்கள் எல்லாம் ஆடிக்கொண்டே போவார்கள். யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு வாரம் இழுத்தே விட்டார்கள். பார்த்தால் எனக்கு முன்னால் நர்ஸம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தப்புத் தப்பாக ஆடிக்கொண்டு போகிறார்.

அந்த ஊர்ப் பேச்சில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் மந்தா. பயம் என்று அர்த்தம். நர்ஸம்மா அதைத்தான் அடிக்கடி சொன்னார். சமையலறைக் கூரையில் பாம்பைப் பார்த்தபோது சொன்னார். பாஸ்டரின் பழைய வண்டி மேட்டில் ஏறாமல் பின்னால் வந்தபோது சொன்னார். ஊர்ப் பெண்கள் எங்கள் தெருக்காரர்களைப் போலவே சிரித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் குழந்தைகளுக்கு ஊசி போடுவார், காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பார். அங்கே மலேரியா சர்வ சாதாரணம். நான் துணி மடித்துக் கொடுப்பேன், பஞ்சு உருட்டிக் கொடுப்பேன். பேசாமல் செய்கிற வேலை எனக்குப் பிடிக்கும்.

வீட்டைப் பெருக்கவும் துணி துவைக்கவும் ஒரு பெண் வருவாள். உயரமானவள், அதிகம் பேசமாட்டாள், என்னைப்போல. கூடவே நாலைந்து வயசுப் பெண் குழந்தை. ஒரு நாள் மத்தியானம் மாமரத்தடியில் உட்கார்ந்து, மகளின் சின்னச் சின்னப் பின்னல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வலியில் முகத்தைச் சுளித்தது. நான் தேங்காயெண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாய் என்னைப் பார்த்தாள், குழந்தையை என் பக்கம் நகர்த்தினாள். சுருள் சுருளான முடி. எண்ணெய் தடவி, அடியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுத்தேன். நூல் சிக்கெடுத்துப் பழகிய கை. குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது. அங்கே போனதிலிருந்து அந்த மத்தியானம்தான் நான் பயப்படாமல் இருந்தேன்.

சீப்பில் வந்த முடியை, என் சிக்குமுடியோடு சேர்த்து உருட்டி, என் அறையில் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் இருந்த சந்தில் செருகினேன்.

நம் ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம். தலை வாரினால் உதிர்ந்த முடியை யார் எறிவார்கள்? உருட்டிச் சுவர் இடுக்கில் வைப்போம். சிக்குமுடி வாங்குகிறவர் வண்டியில் வந்து கூவும்போது மொத்தமாக எடுத்துக் கொடுத்து, பிளாஸ்டிக் குடமோ கிண்ணமோ வாங்குவோம். அந்த ஊரில் அப்படி யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கை தானாகச் செய்தது. அங்கே போன நாள் முதல் தினமும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அந்தப் பெண் நீளத் துடைப்பத்தால் ஒட்டடை அடித்தாள். நான் முற்றத்தில் இருந்தேன். சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பினால், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போகிறாள். உள்ளே வந்து பார்த்தேன். என் முடி உருண்டை தரையில் கிடந்தது. எலி இழுத்திருக்கும் என்று நினைத்தேன். எடுத்துத் தூசியை ஊதி, எட்டி மறுபடியும் சந்தில் செருகினேன். செருகிவிட்டுத் திரும்பினால், வாசலில் அவள். மறந்துபோன மேல்துணியை எடுக்க வந்திருந்தாள். தூக்கிய என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணியை எடுக்காமலே போனாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. நான் அடிபம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பழகிய முகங்கள், தினமும் எனக்காகப் பம்பை அடித்துக் கொடுத்தவர்கள். அன்று நானே அடித்துப் பிடித்தேன். ஊசி போடுகிற நாளில் கொட்டகைக்கு ஒரு தாயும் வரவில்லை. நர்ஸம்மா மேஜையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பாஸ்டர் சபைக் கூட்டத்துக்காக வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல், சர்ச்சுக்கு வருகிற ஒரு வயசான அம்மா வேலியோரமாக வந்து நர்ஸம்மாவைக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கையாட்டினாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நர்ஸம்மா திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அக்கா, கூரைச் சந்துல எதுனா வச்சீங்களா?"

"சிக்குமுடிதான்மா. நம்ம ஊர்ல வைக்கிற மாதிரி."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "அந்தப் புள்ள முடியும் அதுல இருக்குதா?"

"சீப்புல வந்துது. சேத்து உருட்டி வச்சேன்."

நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே முடியை யாரும் போட்டு வைக்கமாட்டார்களாம். எரிப்பார்கள், இல்லை புதைப்பார்கள். அடுத்தவர் முடியைத் தன் முடியோடு சேர்த்து ஒருவர் ஒளித்து வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்வினை. குழந்தைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நெற்றியில் சாம்பல் பூசுகிற அந்தக் கிழவி செய்தது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கிழவி இருக்கிற வீட்டு மருந்து வேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டாள். நம்ம ஊர்ல ஒருத்தர் காலடி மண்ண எடுத்து முடிஞ்சு வச்சா இன்னா நினைப்போம், அப்டித்தான்க்கா என்றார் நர்ஸம்மா.

அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெரு முச்சந்தியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தால், நான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறவள். ஆயுசு முழுக்க நான்தான் மற்றவர்களுக்குப் பயந்தேன். என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்பது நான் நினைத்தே பார்க்காத விஷயம். அது மற்ற எல்லாப் பயத்தையும்விட மோசமாக இருந்தது. என் கையை நானே மடியில் மறைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவங்கள இங்க இன்னா பண்ணுவாங்க என்று கேட்டேன். நர்ஸம்மா பொய் சொல்லமாட்டார். சில ஊர்ல அடிச்சுத் தொரத்தியிருக்காங்க, வீட்டக் கொளுத்தியிருக்காங்க, இந்த ஊர்ல இது வரைக்கும் நடக்கல என்றார். நான் ஊருக்குப் போயிடறேன்மா, இப்பவே அனுப்பிடு என்றேன். "ஏன்க்கா, ஏரோப்ளேன் இன்னா செவிலிமேடு பஸ்ஸா?" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அவர் பையை எடுத்தார். ரத்தம் பார்க்கிற சாமான், மாத்திரை, சர்க்கரை. மலேரியா என்றால் சின்னக் குழந்தைக்கு மூளையில் ஏறிவிடும், பாஸ்டர் வரும்வரை காத்திருந்தால் அது தாங்காது என்றார். சந்திலிருந்து முடி உருண்டையை என் கையாலேயே எடுக்கச் சொன்னார். ஒரு தட்டில் வைத்து மூடினோம். நானும் வரணுமா என்றேன்.

"நீங்க வரலன்னா ஒளிஞ்சிக்கினதா நினைப்பாங்க. வாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

எங்கள் தெருவில் எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். அன்று அதில் விளையாட்டு இல்லை.

சோளக்கொல்லை நடுவே போனோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். அந்தக் காலடிச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. தட்டு என் கையில் இருந்தது. நர்ஸம்மா ஒரு கையால் தட்டையும் மறுகையால் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டார். 

அந்தப் பெண் வீட்டு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில், கண் பாதி மூடி, உதடு வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்ததும் தாய் துணியால் குழந்தையின் தலையை மூடினாள். நர்ஸம்மா தூரத்திலேயே மண்டியிட்டார். அங்கே பெண்கள் அப்படித்தான் மரியாதை செய்வார்கள். நானும் மண்டியிட்டேன். அவர் பேசினார். எனக்குப் புரிந்தது மந்தா என்ற ஒரு சொல் மட்டும். அதைச் சொல்லும்போது அவர் தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு என்னைக் காட்டினார், பிறகு அந்தத் தாயைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

தட்டைத் திறந்து வைத்தார். வெள்ளையும் கறுப்புமாக உருண்டை. ஒரு கிழவி பின்னால் நகர்ந்தாள். தாய் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"தன் புள்ள முடிய ஒண்ணு பாக்கி இல்லாம பிரிச்சிக் குடுன்றா. அதுக்கப்புறந்தான் மருந்தாம்" என்றார் நர்ஸம்மா.

நான் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். நேராக இருப்பது என்னுடையது, சுருண்டிருப்பது குழந்தையுடையது. இழுத்தால் அறுந்துபோகும், விட்டால் சுருண்டு மறுபடியும் உள்ளே போய்விடும். பட்டு நூலில் இதைவிடப் பெரிய சிக்கை எடுத்திருக்கிறேன். ஆனால் நூலை எடுக்கும்போது ஒரு ஊரே சுற்றி நின்று என் விரலைப் பார்த்ததில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் பயம், துடைத்தால் அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று. எனக்குப் பின்னால் நின்ற ஆண்கள் மூச்சு விடுவது கேட்டது. குழந்தைக்குத் திடீரென்று உடம்பு தூக்கிப்போட்டது. தாய் அதை இறுக்கிக்கொண்டாள். மருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரமாகும்க்கா?"

"இருட்டிடும்மா."

நர்ஸம்மா குழந்தையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். நரைத்த பின்னல் இடுப்புக்குக் கீழே விழுந்தது. எங்கள் தெருவில் என்ன எண்ணெய் என்று பெண்கள் கேட்காத நாளில்லை. வயசானாலும் நீளம் குறையவில்லை. பையிலிருந்து கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, பின்னலைக் கழுத்தோடு பிடித்து வெட்டத் தொடங்கினார். சின்னக் கத்தரிக்கோல், ஒரே வெட்டில் போகவில்லை. கறக் கறக் என்று கடித்துக் கடித்து வெட்டினார். யாரும் அசையவில்லை. வெட்டிய பின்னலை இரண்டு கையாலும் எடுத்து, அந்தத் தாயின் மடியில், குழந்தையின் காலடியில் வைத்தார். ஏதோ கொஞ்சம்தான் பேசினார்.

அப்போது என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். உன் புள்ள முடி என் வீட்ல இருந்த மாதிரி, என் முடி உன் வீட்ல இருக்கட்டும், அவளுக்கு எதுனா ஆச்சுன்னா அத வச்சி என்ன இன்னா வேணா செய்துக்கோ என்றாராம்.

அந்தப் பெண் பின்னலைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தன் மடித்துணிக்குள் செருகினாள். குழந்தையின் கையை எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினாள்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். மலேரியாதான். மாத்திரையைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். குழந்தை வாந்தி எடுத்தது. மறுபடியும் கரைத்தார். வாயை மெதுவாகப் பொத்தி, விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தாமல் பிரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எது யாருடையது என்று தெரியாமல் கொஞ்சம் மிஞ்சியது. சந்தேகமானதை எல்லாம் குழந்தை பக்கமே வைத்தேன். தாய் அவற்றை அடுப்பில் போட்டாள். என் வெள்ளை முடியை ஒரு குச்சியால் என் பக்கம் தள்ளினாள். நான் அதையும் அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலையில் பாஸ்டர் வந்தார். பெண்டாட்டியின் தலையைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஜெபம் பண்ணியிருக்கலாமே, இப்போ நீயே அத நம்புற மாதிரி ஆயிடுச்சே என்றார். கோபமில்லை, வருத்தம்.

"ஜெபம் பண்ணிக்கினேதான் வெட்டினேன். நான் ஒண்ணும் அத நம்பல. அவ நம்புறா. மருந்து யாரு புள்ளைக்கு?" என்றார் நர்ஸம்மா.

பாஸ்டர் போய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நர்ஸம்மா வேளை தவறாமல் மருந்தோடு போவார். நான் வாசலில் உட்கார்ந்து சோளக்கொல்லைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் திரும்பி வருகிற நடையை வைத்தே குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய், எந்தப் பேச்சில், என்னவென்று சொல்வேன்?  தலை வாரப் பயந்து முடிச்சுப் போட்டே வைத்திருந்தேன். அவரோ இரவில் படுக்கும்போது, இல்லாத பின்னலை முன்னால் எடுத்துப் போடக் கையைக் கொண்டுபோவார், பிறகு கையைக் கீழே வைப்பார்.

ஒரு நாள் காலையில் முற்றத்தில் பெருக்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள்தான். குழந்தை தானாக உட்கார்ந்து கஞ்சி குடித்ததாம். முற்றத்தைப் பெருக்கினாள், துணி துவைத்தாள். நான் இருந்த அறைக்குள் மட்டும் வரவில்லை. கொட்டகைக்குத் தாய்மார்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நான் பஞ்சு உருட்டப் போகவில்லை. நர்ஸம்மாவும் என்னைக் கூப்பிடவில்லை.

மாசம் முடிந்தது. டவுனில் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் பம்பாய் போனது. அவர்களோடு என்னை அனுப்ப ஏற்பாடு. பாஸ்டர் என் பெட்டியை வண்டியில் ஏற்றினார். அந்தப் பெண் ஒரு துணியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்து, மண்டியிட்டு இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தாள். குழந்தை அவள் பின்னாலேயே நின்று என்னைப் பார்த்தது. தலை மொட்டையடித்திருந்தது. தொட ஆசையாக இருந்தது. கையை நீட்டவில்லை.

அவள் தள்ளிப் போனதும் நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"முடியத் திருப்பிக் குடுத்துட்டாளா?"

"இல்லக்கா."

"கேளேன்மா. அதான் புள்ள நல்லாயிடுச்சே."

"கேக்கமாட்டேன். அது அவகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சிதான் மத்தவங்களும் புள்ளயத் தூக்கிக்கினு வராங்க."

"நாளைக்கு வேற எதுனா ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவர் வண்டிக் கதவைத் திறந்தார். கோணல்மாணலாக வெட்டிய முடிக்குக் கீழே கழுத்து வெறுமையாக இருந்தது. என்னை வண்டியில் ஏற்றி, முந்தானையை உள்ளே எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பத் தாமதமானது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நர்ஸம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தோளில் ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே ஒரு நரைமுடி, குட்டை முடி. நர்ஸம்மாவின் கையைப் பிரித்து, அதை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.